மஞ்சத்துணியில முடிஞ்சு வச்ச போனு

ஆத்துத் தண்ணி எங்க தாமானுக்குள்ள, அதான் எங்க குடியிருப்புக்குள்ள வந்து வீட்டுல இடுப்பளவு நின்னுச்சே, அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் என் கைக்கு இந்தப் போனு வந்துச்சு. எந்த வருஷம்னு என்னைக் கேக்காதீங்க. வெள்ளத்துக்கு முன்னாடி, வெள்ளத்துக்குப் பின்னாடி, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கிள்ளான்ல எங்க பக்கம் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவாங்க. மகன் கல்யாணம் வெள்ளத்துக்கு முன்னாடி. என் முட்டி வலி வெள்ளத்துக்குப் பின்னாடி.

அந்தத் தண்ணியில டிவி போச்சு. அலமாரியே மிதந்து கவுந்துருச்சு, அப்புறம் டிவி எங்க நிக்கும். மகன் பிரிக்பீல்ட்ஸ்ல ஃப்ளாட்டுல இருக்கான். சேறெல்லாம் அள்ளி முடிச்ச பிறகு வந்தான். வந்து, "அப்பா, இனிமே டிவி எதுக்கு? எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு"ன்னு அவன் பழைய போனை என் சட்டைப் பையில போட்டுட்டுப் போனான். இவ்வளவு சுலபமா ஏன் குடுக்கிறான்னு அன்னைக்கே எனக்கு ஒரு சந்தேகம். இதைக் குடுத்துட்டா வாராவாரம் வந்து நம்ம மூஞ்சியைப் பார்க்க வேணாம்னு நெனச்சிருப்பானோ என்னவோ. அந்தச் சந்தேகம் இன்னும் எனக்குப் போகல.

வெள்ளத்தைச் சொன்னா பால்காரரைச் சொல்லணும். அவரு பேரு சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொல்லி நான் பட்டது போதும். அவரும் நானும் கேரி தீவு எஸ்டேட்ல பொறந்தவங்க. நான் லோரி ஓட்டப் போனேன், எண்ணெய் ஆட்டுற செம்பனைக் குலை ஏத்துற லோரி, அப்புறம் போர்ட்டுல கன்டெய்னர். அவரு மாடு வச்சுக்கிட்டாரு. ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால கொட்டகை. காலையில விடியறப்ப மோட்டார் சைக்கிள்ல வருவாரு, பின்னாடி பால் கேன், மேல ஒரு ஈரத்துணி. எங்க கேட்டு முன்னாடி ரெண்டு ஹார்ன். மூணாவது அடிக்க மாட்டாரு. "லோரிக்காரரே, எழுந்தாச்சா, இல்ல கியர் விழலையா?"ன்னு கேப்பாரு. "பால்காரரே, உங்க மாடு எழுந்தாதான் நான் எழுந்திருப்பேன்"னு நான் சொல்லுவேன். நாப்பது வருஷமா இதே பேச்சு. அலுக்கவே இல்ல.

வெள்ளத்தன்னைக்கு நான் வீட்டுல இல்ல, போர்ட்டுல மாட்டிக்கிட்டேன். வீட்டுல என் சம்சாரம் மட்டும் மேசை மேல நாற்காலி போட்டு உக்காந்திருந்தா. பால்காரரு மாடுகளைத் தண்டவாள மேட்டுல ஏத்தி விட்டுட்டு, என் லோரி டயர் டியூப் ஒண்ணு அவரு கொட்டகையில கிடந்திருக்கு, அதைத் தூக்கிக்கிட்டு வந்து இவளை அதுல உக்கார வச்சு இழுத்துட்டுப் போனாரு. அந்த நேரத்துல கொட்டகையில ரெண்டு கன்னுக்குட்டி மிச்சம் இருந்துச்சு. திரும்பிப் போறதுக்குள்ள தண்ணி ஏறிருச்சு. அதைப் பத்தி அவரு எங்கிட்ட ஒரு நாளும் பேசினதில்ல. இவதான் சொன்னா.

இது இப்படி இருக்கட்டும். போனுக்கு வரேன்.

நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்துல ரெண்டு வருஷம் படிச்சவன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள பஸ் போயிரும். அதனால போனு எனக்கு ஆகாதுன்னு நெனச்சேன். ஆனா அது படிக்கச் சொல்லல பாருங்க. விரலால மேல தள்ளுனா ஒருத்தன் பேசறான். இன்னும் தள்ளுனா இன்னொருத்தன். பாம்பு பிடிக்கிறவன், வைத்தியம் சொல்றவன், பேயைப் படம் எடுத்தவன். முட்டி வலிக்குதுன்னு நான் சம்சாரத்துகிட்டதான் சொன்னேன். மறுநாள் போனுல முட்டிக்குத் தடவுற எண்ணெய் வருது. எப்படி வருது? அன்னைலேருந்து முக்கியமான விஷயம் பேசணும்னா போனை பிஸ்கட் டின்னுக்குள்ள போட்டு மூடிட்டுத்தான் பேசுவேன். பேசி முடிச்சதும் முதல் வேலையா டின்னைத் திறந்து அதை எடுப்பேன். அது நம்மள ஒட்டுக் கேக்குதுன்னு தெரிஞ்சும் அதை விட முடியல. இப்படி ஒரு பழக்கம் எனக்குச் சிகரெட்டுல கூட இருந்ததில்ல.

மகன் என்னைக் குரூப்புல வேற சேர்த்து விட்டுட்டான். எங்க தீவுல பொறந்து வளர்ந்து இப்ப பல ஊர்ல இருக்கிறவங்க எல்லாரும் அதுல இருக்காங்க, எரநூறு பேரு இருக்கும். காலையில பூ படம், அப்புறம் சாவு செய்தி, அப்புறம் எச்சரிக்கை. எச்சரிக்கைதான் ஜாஸ்தி. கோழியில ஊசி. அரிசியில பிளாஸ்டிக். கிளினிக்ல குடுக்கிற மாத்திரையில என்னமோ. எல்லாம் வாய்ஸ், யாரோ ஒருத்தன் மூச்சு வாங்கிக்கிட்டுப் பேசுவான். நான் ஒண்ணு விடாம கேப்பேன். கேட்டுட்டு பாசாருக்கு மீன் வாங்கப் போனா, மீன்காரன் ஏன் இன்னைக்குச் சிரிக்கிறான்னு பார்ப்பேன். கிளினிக்ல நர்ஸம்மாகிட்ட, "ஏம்மா, இது போன மாசம் குடுத்த மாத்திரைதானா, கலர் மாறியிருக்கே?"ன்னு கேட்டேன். "அங்கிள், அதே மாத்திரைதான் லா"ன்னு அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்பையும் நான் நம்பல.

அப்பதான் பால் வாய்ஸ் வந்துச்சு. கிள்ளான் பக்கம் மோட்டார்ல வர்ற பால்ல பவுடர் கலக்கிறாங்க, ஜாக்கிரதைன்னு ஒருத்தன் சொன்னான். எந்தப் பால்காரன், யாரு பார்த்தா, ஒண்ணும் சொல்லல. சொல்லாததாலதான் எனக்கு அது ரொம்ப உண்மையாப் பட்டுச்சு.

மறுநாள் நான் பாலைக் கவனிச்சேன். காய்ச்சி ஆறுனா மேல கெட்டியா ஆடை கட்டும், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அன்னைக்கு ஆடை மெல்லிசா, ஈரக் காகிதம் மாதிரி இருந்துச்சு. அடுத்த நாளும் அப்படித்தான். கண்ணாடி டம்ளர்ல ஊத்தி வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா லேசா ஒரு நீலம். அப்புறம் அந்த ஈரத்துணி. நாப்பது வருஷமா அந்தத் துணி கேன் மேல கிடக்குது, வெயிலுக்குப் பால் கெடாம இருக்கப் போடுறது. எனக்கு அன்னைக்குத்தான், இது எதை மறைக்குதுன்னு ஒரு யோசனை வந்துச்சு.

என் மச்சான், சம்சாரத்தோட தம்பி, அவனுக்கு மட்டும் சொல்லுவோம்னு போனை எடுத்தேன். எனக்கு எழுத வராது, மைக்கை அமுக்கிப் பேசத்தான் தெரியும். அமுக்கிக்கிட்டுப் பேசினேன். பால்காரரு பேரைச் சொன்னேன். நானே கண்ணால பார்த்தேன்னு சொன்னேன். பார்த்தது ஆடையும் நீலமும்தான். ஆனா பேசப் பேசப் பவுடரையே பார்த்த மாதிரி ஆயிருச்சு.

அன்னைக்கு எனக்கு நெறைய கட்டைவிரல் படம் வந்துச்சு. எதுக்குன்னு தெரியாமலே சந்தோஷப்பட்டேன்.

அதுக்கு நாலு நாள் கழிச்சு பால்காரரு ஹார்ன் அடிக்கிறதை நிறுத்திட்டாரு. கேட்டுல பாலை மாட்டிட்டுப் போயிருவாரு. நான் வேணும்னே ஒரு நாள் வாசல்ல போய் நின்னேன். மோட்டாரை நிறுத்துனாரு, பாலை ஊத்துனாரு, என் முகத்தைப் பார்க்கல.

"என்ன பால்காரரே, கியர் விழலையா?"ன்னு கேட்டேன்.

"நேரமாச்சுண்ணே"ன்னாரு. நாப்பது வருஷத்துல அவரு என்னை அண்ணேன்னு கூப்பிட்டதில்ல. லோரிக்காரரேன்னுதான் கூப்பிடுவாரு.

உள்ள வந்து சம்சாரத்துகிட்ட சொன்னேன்: "பார்த்தியா? குத்தம் செஞ்சவன் முகத்தைப் பார்க்க மாட்டான். நாளைலேருந்து பாக்கெட் பால் வாங்கிக்கலாம்."

"உங்களுக்குப் பைத்தியம்"னா அவ. ஆனா நான் கேட்டுல போய் வேணாம்னு சொல்லிட்டேன். அவரு ஏன்னு கேக்கல. ஏன்னு கேக்காததையும் நான் குத்தத்துலதான் சேர்த்தேன்.

அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கெழமை. மகன் வீட்டுக்குப் போகலாம்னு கிள்ளான்ல கொமுட்டர் ரயில் ஏறினோம். சென்ட்ரல்ல இறங்கி பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்து போயிரலாம். ரயில்ல உக்காந்ததும் நான் போனை எடுத்தேன். ஒருத்தன் குகைக்குள்ள போறான், உள்ள என்னமோ இருக்காம், காட்டவே மாட்டேங்கிறான். நான் தள்ளிக்கிட்டே போறேன். தலையை நிமிர்ந்து பார்த்தா பக்கத்துல ஒரு சீனக் கிழவி உக்காந்திருக்கு. என் சம்சாரம் எங்க? வெளிய பார்த்தா ரவாங், சென்ட்ரலைத் தாண்டி எத்தனையோ ஸ்டேஷன் போயிருச்சு. சென்ட்ரல்ல இவ என் தோளைத் தட்டி, "எழுந்திரிங்க"ன்னு சொன்னாளாம். நான் "ம்ம்"னேனாம். பின்னாலேயே வரேன்னு நெனச்சு அவ இறங்கிட்டா, கதவு மூடிருச்சு. திரும்பி மகன் வீட்டுக்குப் போறதுக்குள்ள சாப்பாடு ஆறிப் போச்சு. மருமக, "மாமா, ரவாங்ல என்ன விசேஷம்?"னு கேட்டா. பேத்தி சிரிச்சா. மகன் சிரிக்கல. சம்சாரம் மட்டும் ஒண்ணும் பேசல. பேசாம இருந்தா பெருசா என்னமோ வருதுன்னு அர்த்தம்.

தைப்பூசம் நெருங்கிச்சு. வருஷா வருஷம் நான் பத்துமலைக்குப் பால் குடம் எடுப்பேன், இருபத்தொரு நாள் விரதம். விரதம் ஆரம்பிக்கிற அன்னைக்கு ஒரு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு சாமி படத்துகிட்ட வைக்கிறது எங்க வழக்கம். சம்சாரம் துணியை மஞ்சத்தண்ணியில நனைச்சுக் காய வச்சு எடுத்துக்கிட்டு வந்தா.

"இந்த வருஷம் என்ன விடப் போறீங்க?"ன்னு கேட்டா.

"என்ன கேள்வி இது? கறி, மீனு, முட்டை."

"கிளினிக்ல சொன்னதுலேருந்து நீங்க கறி தின்னே பல மாசமாச்சு. முருகன் என்ன விவரம் இல்லாதவரா? உங்க கறி மீனு எல்லாம் உங்க சட்டைப் பையில இருக்கு."

அப்படிச் சொல்லிட்டுத் துணியை விரிச்சு என் முன்னாடி வச்சா. சாமி முன்னாடி கேட்டா மறுக்க முடியுமா? அதுக்குத்தான் அங்க வச்சுக் கேட்டா, எனக்குத் தெரியும். போனைத் துணி மேல வச்சேன். காசையும் வச்சேன். முடிச்சை மட்டும் நான் போடுறேன்னேன். லோரிக்குக் கென்வாஸ் கட்டுறப்ப நாங்க ஒரு முடிச்சுப் போடுவோம், வேற யாராவது அவுத்துக் கட்டினா தெரிஞ்சுரும். அந்த முடிச்சைப் போட்டேன். யாரு மேல சந்தேகம்னா, வீட்டுல இருக்கிறது நானும் அவளும்தான்.

மொத மூணு நாள் கை சும்மா சும்மா சட்டைப் பைக்குப் போகுது. பை காலி. பெருவிரல் தானா மேல தள்ளுது, காத்துல. நாலாவது நாள் பூசை நேரத்துல மஞ்சத்துணிக்குள்ள போனு அடிக்குது. சார்ஜ் தீர்ற வரைக்கும் அடிச்சுச்சு. "எடுங்க, முருகனுக்குத்தான் வருது"ன்னு அவ சொல்லிட்டுத் தட்டுல கற்பூரத்தை ஏத்துறா. எனக்குச் சிரிப்பு வரல. என்னைத் தவிர ஊரே என்னமோ தெரிஞ்சுக்கிட்டிருக்கு, எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடுன்னு தோணுச்சு. அஞ்சாறு நாள் கழிச்சு அந்த எண்ணம் கொஞ்சம் குறைஞ்சுச்சு. வாசல்ல உக்காந்தேன். ரோட்டுல யாரு போறா வர்றான்னு பார்த்தேன். மீன்காரன் எல்லா நாளும் அப்படித்தான் சிரிக்கிறான்.

பத்தாவது நாளோ பதினோராவது நாளோ, விளக்கேத்தப் போனேன். முடிச்சு மாறியிருக்கு. என் முடிச்சு இல்ல, அவ புடவைத் தலைப்புல சாவி முடியுற முடிச்சு.

"இந்தா புள்ள, இங்க வா. இதை அவுத்தது யாரு?"

"நான்தான்"னா. ஒளிக்கக்கூட இல்ல. "கோயில்ல ஒரு அம்மா எங்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. உண்மையான்னு பார்க்கணும்னு அவுத்தேன். சார்ஜ் போட்டு, மருமககிட்ட கேட்டு எப்படித் திறக்கிறதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். உக்காருங்க. இதைக் கேளுங்க."

முடிச்சை அவுத்து, எதையோ அமுக்குனா. ஒரு வாய்ஸ் வந்துச்சு. கரகரன்னு ஒரு கிழவன் குரல். பால்காரரு பேரைச் சொல்றான். பவுடர் கலக்கிறாருங்கிறான். மூச்சுக்கு மூச்சு, "நான் கண்ணால பார்த்தேன், நான் கண்ணால பார்த்தேன்"ங்கிறான்.

நான் சொன்னேன்: "யாரு இவன்? இவன் பேச்சே சரியில்ல. நெசமா பார்த்தவன் ஒரு தடவைதான் சொல்லுவான். இவன் எதையும் பார்க்கல."

அவ என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறா. வாய்ஸ் இன்னும் ஓடுது. அந்தக் கிழவனுக்குப் பின்னால, தூரத்துல, அடுப்படியிலேருந்து ஒரு பொம்பள சத்தம் கேக்குது: "ஏங்க, மாத்திரை போட்டீங்களா?"

அது என் சம்சாரம் குரல்.

என் குரல் வெளியிலேருந்து கேட்டா அப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. எழுவது வயசுல மொத தடவையா என் குரலைக் கேட்டேன், கேட்ட உடனே பொய்க்காரன்னு சொல்லிட்டேன்.

"இது தம்பிக்குப் போகல. குரூப்புக்குப் போயிருக்கு. எரநூறு பேரு கேட்டிருக்காங்க. அவரும் அந்தக் குரூப்புல இருக்காரு"ன்னா.

"பால்ல ஆடை மெல்லிசா இருந்துச்சே..."ன்னு இழுத்தேன்.

"உங்களுக்குக் கொழுப்பு ஏறியிருக்குன்னு கிளினிக்ல சொன்னாங்க. சொன்னா நீங்க கேப்பீங்களா? காய்ச்சுறதுக்கு முன்னாடி நான்தான் ஒரு டம்ளர் தண்ணி ஊத்துனேன். தண்ணி ஊத்துனா பால் நீலமாத்தான் தெரியும்."

சொல்லிட்டு அவ அழுதா. தண்ணி ஊத்துனதுக்கா, வெள்ளத்துல அந்த டியூப்புல உக்காந்து போனதை நெனச்சு அழுதாளான்னு நான் கேக்கல.

அன்னைக்குச் சாயங்காலமே தண்டவாளத்துக்குப் பின்னால போனேன். செருப்புப் போடாத விரதக் கால், கல்லு குத்துது. கொட்டகை காலியா இருந்துச்சு. தண்ணித் தொட்டி காஞ்சு கிடக்குது. பக்கத்துல வொர்க்ஷாப் வச்சிருக்கிறவரு சொன்னாரு: "அவரு போயிட்டாரு அங்கிள். வாங்குறவங்க ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க. மாடெல்லாம் லோரியில ஏத்திக்கிட்டு பந்திங் பக்கம், மக வீட்டோட போயிட்டாரு. ஏன், நீங்க கூட்டாளியாச்சே, உங்ககிட்ட சொல்லலையா?"

வந்த வழியே வீட்டுக்கு நடந்தேன்.

விரதம் இருக்கிறப்பவே போனை எடுத்தேன், அந்தக் குத்தம் முருகனோட நான் பேசிக்கிறேன். மொதல்ல குரூப்புல பேசினேன். பேரைச் சொல்லி, நான் சொன்னது பொய், தண்ணி கலந்தது என் வீட்டுலன்னு சொன்னேன். அதுக்கும் கட்டைவிரல் வந்துச்சு, ஆனா கொஞ்சம்தான். முன்ன வந்ததுல பாதி கூட இல்ல. அப்புறம் அவருக்குத் தனியா ஒண்ணு பேசி அனுப்பினேன். அவரு கேட்டா அதுல இருக்கிற மைக் படம் நீலமா மாறும்னு மகன் சொன்னான். இன்னும் மாறல. அவரு போனையே தூக்கிப் போட்டுட்டாரோ, இல்ல என் பேரைப் பார்த்துட்டு அப்படியே வச்சிருக்காரோ.

அந்த வருஷம் பால் குடத்துல பாக்கெட் பாலைத்தான் ஊத்திக்கிட்டுப் போனேன். முன்னெல்லாம் தைப்பூசத்துக்கு முதல் நாளு அவரு தனியா ஒரு மாட்டுப் பாலைக் கறந்து, "லோரிக்காரரே, இது முருகனுக்கு, நீங்க வழியில குடிச்சுறாதீங்க"ன்னு குடுத்துட்டுப் போவாரு. பத்துமலைப் படியில ஏறுறப்ப, கூட்டத்துல என்னைச் சுத்தி எல்லாரும் கையைத் தூக்கிப் போனுல படம் எடுக்கிறாங்க. குடத்துல இருந்த பால் திரியல. திரிஞ்சா விரதத்துல குத்தம்பாங்க. அன்னைக்குத் திரிஞ்சிருந்தாத்தான் எனக்கு மனசு ஆறியிருக்கும்.

பந்திங்குக்கு ரெண்டு தடவை பஸ் ஏறிப் போனேன். மக வீடு எந்தக் கம்பத்துல, எந்தக் கிராமத்துலன்னு எனக்குத் தெரியாது. பாசார்ல கேட்டேன், கோப்பிக் கடையில கேட்டேன், மாட்டுக்காரரு, மோட்டார்ல பால் ஊத்துறவருன்னு. "எதுக்கு அங்கிள் தேடுறீங்க?"ன்னு கேட்டுட்டு என்னை ஏற இறங்கப் பார்க்கிறாங்க. ஒருத்தரும் சொல்லல. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்ப எங்கிட்ட பட்டன் போனு. மகன் போனை மகன்கிட்டேயே குடுத்துட்டேன். மூணு தடவை யோசிச்சுத்தான் குடுத்தேன். விட்டுட்டேன்னு நெஞ்சைத் தட்டிச் சொல்ல மாட்டேன். கிளினிக்ல பக்கத்துல உக்காந்தவன் போனைத் தள்ளுனா என் கண்ணு அங்க போகுது. கழுத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு உக்காருவேன். சந்தேகமும் போகல. ஆனா இப்ப சந்தேகம் வந்தா மொதல்ல என்னைத்தான் கேப்பேன், நீ கண்ணால பார்த்தியான்னு. ஒரு தடவைதான் கேக்கிறது.

சம்சாரம் இன்னும் பால்ல தண்ணி ஊத்துறா. இப்ப என் முன்னாடியே ஊத்துறா.

இவ்வளவு நேரம் கேட்டீங்க, ஒரு உதவி. நீங்க பந்திங் பக்கம், கேரி தீவுப் பக்கம் போறவங்களா இருந்தா, விடியறப்ப ரோட்டைக் கொஞ்சம் பாருங்க. பழைய மோட்டார், பின்னாடி பால் கேன், மேல ஈரத்துணி. கேட்டு முன்னாடி ரெண்டே ரெண்டு ஹார்ன். அவருதான். நிறுத்தி, லோரிக்காரரு சொல்லச் சொன்னாருன்னு சொல்லுங்க. தண்ணி கலந்தது அவரு வீட்டுலயாம், உங்க கேன்ல இல்லையாம், வாசல்ல நின்னுக்கிட்டு இருக்காராம்னு சொல்லுங்க. நீங்க போகலன்னா, போறவங்க யாருகிட்டயாவது சொல்லி விடுங்க. வாயால சொல்லுங்க. போனுல அனுப்பிறாதீங்க.